சாம்பல் அள்ளும் முறை

(முன்னாள் மாணவர் சங்கக் கூடல் நாளன்று மாலை அமர்வில் ஆற்றிய உரை)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "நம்ம காலத்துக் கதையா ஏதாவது பேசுப்பா, பத்து நிமிஷம்" என்றார். நம் காலத்துக் கதை என்றால் வழக்கமாக மூன்றுதான்: ஸ்ட்ரைக், சினிமா, அரியர்ஸ். மூன்றையும் காலை அமர்விலேயே பேசித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் இருப்பது அடுப்படி. அதைப் பற்றியே பேசுகிறேன். பத்து நிமிஷம் என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

1984 முதல் 1987 வரை நாங்கள் ஐந்து பேர் கள்ளக்குறிச்சியில் ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தோம். அப்போது அது தென்னாற்காடு மாவட்டம். 1993-ல் விழுப்புரம் மாவட்டத்தோடு போனது, 2019-ல் தானே ஒரு மாவட்டமாயிற்று. நாங்கள் இருந்த காலத்தில் ஊருக்குள் கரும்பு வண்டியும் மரவள்ளிக்கிழங்கு லாரியும் போட்டி போட்டுக்கொண்டு போகும். ஐந்து பேரில் நான் சங்கராபுரத்துப் பக்கம். ஒருவன் சின்னசேலம், ஒருவன் தியாகதுருகம், ஒருவன் திருக்கோவிலூர். ஐந்தாமவன் மலையிலிருந்து இறங்கி வந்தவன், கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர். பெயர்களைச் சொல்லப் போவதில்லை. நால்வரில் இருவர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள், சொன்னால் எழுந்து மறுப்பார்கள்.

விடுதியில் சேராதது ஏன் என்று பலர் அப்போதே கேட்டதுண்டு. காசுதான் காரணம். வீட்டிலிருந்து அரிசியும் பருப்பும் வரும், மலையிலிருந்து சாமையும் தினையும் வரும், வாடகையைப் பங்கு போட்டால் ஆளுக்குச் சொற்பம். எண்ணெய்க்கு ரேஷன் கார்டு வேண்டும், மாணவர்களுக்கு அது ஏது? எனவே திரி ஸ்டவ் அவசரத்துக்கு மட்டும். மற்றபடி தாழ்வாரத்தில் இருந்த மண் அடுப்புதான். ஒரு பெரிய வாய், பக்கத்தில் ஒட்டினாற்போல் ஒரு கொடி அடுப்பு. பெரிய வாயில் சோறு வேகும்போது, அந்த அனலே துளை வழியாகப் போய்க் கொடி அடுப்பில் குழம்பைக் கொதிக்க வைக்கும். தனியாக விறகு வேண்டாம். இதைக் கண்டுபிடித்த அம்மா யாரோ, அவளுக்கு ஒரு பட்டம் கொடுத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கார ஆயா சாவியைக் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "சிகரெட் புடிங்க, சினிமாவுக்குப் போங்க, எனக்கென்ன. அடுப்பு இடிஞ்சா மட்டும் நீங்களே போட்டுக் குடுத்துட்டுத்தான் காலி பண்ணணும்."

அடுப்பு என்பது ஒரு தடவை போட்டுவிட்டால் அதுபாட்டுக்கு இருக்கும் என்றுதான் எங்களில் நான்கு பேர் நினைத்திருந்தோம். எங்கள் வீடுகளில் அது அப்படித்தான் இருந்தது போலத் தெரிந்தது. விடிந்து எழுந்தால் அடுப்பு சுத்தமாக, சாணியும் செம்மண்ணும் மெழுகி, சிலநாள் கோலம்கூடப் போட்டு இருக்கும். நாங்கள் எழுவதற்கு முன்னால் யார் எழுந்தார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. மலைக்காரன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் சின்ன வயதிலிருந்தே அம்மாவோடு அடுப்படியில் உட்கார்ந்தவன். மார்கழியில் மலையில் வேறெங்கும் உட்கார முடியாது, குளிர் அப்படி.

அவனிடம் நாங்கள் படித்த பாடங்களைக் கொஞ்சம் சொல்கிறேன். இளைய தலைமுறைக்கு இது பழங்கதை. ஆனாலும் சங்க மலரில் அச்சாகும் என்பதால் பதிவாகட்டும்.

முதல் பாடம், சாம்பல். ராத்திரிச் சாம்பலைக் காலையில் அள்ளாவிட்டால் அடுப்புக்குள் காற்று புகாது, காற்று புகாவிட்டால் விறகு எரியாமல் புகையும். முழுக்க அள்ளிவிடவும் கூடாது, அடியில் ஒரு விரல்கடை விட வேண்டும், அது சூட்டைப் பிடித்து வைக்கும். படுக்கப் போகுமுன் கனிந்த கங்கு இரண்டைச் சாம்பலுக்குள் புதைத்து மூடினால் விடிகாலையில் தீப்பெட்டி தேவையில்லை, கிளறி, சுள்ளி வைத்து, ஊதுகுழலால் நாலு ஊது ஊதினால் போதும். அள்ளிய சாம்பல் வீண்போகாது. பாத்திரம் தேய்க்க ஒரு பங்கு, ஆயாவின் கத்தரிச் செடியில் அசுவினிக்குத் தூவ ஒரு பங்கு, மீதி எருக்குழிக்கு.

இரண்டாவது, விறகு. வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பின் பலம் போய்விடும், சோற்றுக்கு என்ன மிஞ்சும்? எங்கள் பௌதிகப் பேராசிரியர் உள்ளுறை வெப்பம் நடத்திய அன்று வகுப்பில் தலையாட்டியவன் அவன் ஒருவன்தான். மற்றவர்களுக்கு அது சூத்திரம். அவனுக்கு ஐப்பசி மாத விறகு. கரும்புச் சோகை குப்பென்று பிடிக்கும், நிற்காது. மரவள்ளிக் குச்சி அதைவிடக் கொஞ்சம் மேல். வேலிக்காத்தான் நின்று எரியும், முள்தான் சங்கடம். புளிய விறகு கிடைத்தால் அன்று விருந்து. மர மில்லில் இருந்து ஒரு சாக்கு மரத்தூள் வாங்கி வந்தால் இன்னொரு வேடிக்கை செய்யலாம். பழைய டின்னின் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டு, நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இறுக்கித் திணித்து, பாட்டிலை மெல்ல உருவிவிட்டால் மரத்தூள் அடுப்பு தயார். ஒரு தடவை பற்றிக்கொண்டால் ஊதவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். பரீட்சைக் காலத்துக்கு அதுதான் சரி.

மூன்றாவது, மெழுகுவதும் விரிசல் அடைப்பதும். வெறும் களிமண்ணை அப்பினால் மறுநாளே வெடிக்கும். உமியோ நறுக்கிய வைக்கோலோ கலந்து, ஒரு ராத்திரி புளிக்க வைத்து, விரிசலை முதலில் நனைத்துவிட்டுப் பூச வேண்டும். நிழலில் காய வேண்டும். முதல் தீ சிறு தீயாக இருக்க வேண்டும். பாத்திரத்தின் அடியில் சாம்பலைக் கரைத்துப் பூசிவிட்டு ஏற்றினால், கழுவும்போது கரி தானாகக் கழன்று வரும். இது தெரியாமல் முதல் வாரம் முழுவதும் திருக்கோவிலூர்க்காரன் செங்கல் பொடியோடு மல்லுக்கட்டினான்.

பாடம் படிப்பது சுலபம். யார் எதைச் செய்வது என்பதுதான் தகராறு. சமைக்க எல்லோருக்கும் ஆசை. ரசத்துக்குப் பெருங்காயம் முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று ஒரு மணி நேரம் விவாதம் நடக்கும். தண்ணீர் எடுக்கவும் ஆள் கிடைக்கும், தெருக்குழாயடியில் பேச்சுத்துணை உண்டு. விறகு வாங்கக்கூட ஆள் உண்டு. சாம்பல் அள்ள ஆள் இல்லை. விடியற்காலம், குளிர், கையெல்லாம் சாம்பல். அள்ளிய பிறகு யாரும் வந்து, "ஆகா, என்ன அருமையாச் சாம்பல் அள்ளியிருக்கே" என்று சொல்லப் போவதில்லை.

இதற்கு வழி சொன்னது ஆயாதான். ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தவள், வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சாம்பல அள்றவன் சொல்றதுதான் அன்னிக்குக் கொழம்பு. மத்தவன் வாயத் தொறக்கக் கூடாது" என்றாள். அன்று சாயங்காலமே தாழ்வாரச் சுவரில் கரியால் கட்டம் போட்டோம். ஐந்து ஆள், ஐந்து வேலை, நாளுக்கு நாள் ஒரு கட்டம் நகரும். சாம்பல் அள்ளுகிறவன் அன்றைக்கு ராஜா. சின்னசேலத்துக்காரன் தன் முறை வந்தபோதெல்லாம் கத்தரிக்காய்க் காரக்குழம்பு என்று சொல்லி எங்களைச் சோதித்தான். வாயைத் திறக்காமல் சாப்பிட்டோம்.

மலைக்காரனுக்கு அந்தக் கட்டத்தின் மேல் எங்களைவிட அதிகப் பிடிப்பு. யாராவது, "எனக்கு நாளைக்கு டெஸ்ட், நீ பாத்துக்கடா" என்றால் மற்றவர்கள் சரி என்றுவிடுவார்கள், அவன் மட்டும் மாட்டான். "மாத்திக்கலாம். விட முடியாது" என்பான். சுவரில் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் மாற்றிக்கொள்வான். இதென்னடா இவ்வளவு கறாராக இருக்கிறானே என்று எனக்குப் பட்டதுண்டு. காரணம் பிறகுதான் தெரிந்தது.

கல்வராயன் மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை. நாடெல்லாம் சுதந்திர தினம் கொண்டாடி வந்தபோதும் அங்கே பழைய ஏற்பாடே தொடர்ந்தது. 1976-ல்தான் அரசு நிர்வாகம் மலையை முழுதாகக் கையில் எடுத்தது. அதுவரை ஜாகிர்தார் வீட்டுக்குக் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். அவன் தாத்தா விறகு சுமந்தவர். இவனே சிறுபையனாக இருந்தபோது அதைப் பார்த்திருக்கிறான். ஒருநாள் ராத்திரி கங்கை மூடிக்கொண்டே சொன்னான்: "மொற வச்சுச் செஞ்சா அது வேலடா. ஒருத்தன் தலையிலயே எப்பவும் விழுந்தா அதுக்குப் பேரு வெட்டி." வெட்டி என்ற சொல்லுக்கு அகராதியில் கூலியில்லா ஊழியம் என்று பொருள் போட்டிருக்கும். அந்தச் சொல்லை நாங்கள் அதுவரை சும்மா திரிகிறவனைத் திட்டவே பயன்படுத்தி வந்தோம்.

இன்னொரு சம்பவமும் சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று அந்த நண்பனிடமே அனுமதி கேட்டேன். "சொல்லு, அப்பாவே இப்ப இல்ல" என்றான். எங்களில் ஒருவனின் தந்தை ஒருநாள் பார்க்க வந்தார். கீழே உட்கார வைத்து இலை போட்டோம். நன்றாகச் சாப்பிட்டார், ரசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கினார். கை கழுவும்போது மெதுவாகக் கேட்டார், "சமையல் யாருப்பா?" அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று இந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எங்களில் நான்கு பேர் நான்கு ஜாதி, ஐந்தாமவன் பழங்குடி. மகன் சுவரைக் காட்டினான். "இன்னிக்கு மொற யாருன்னு அங்க எழுதியிருக்கு, பாருங்கப்பா." அவர் பார்த்தார். ஒன்றும் பேசாமல் சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அதன் பிறகு அவர் வரும்போதெல்லாம் வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டு வந்தார். வாங்கி, ஐந்தாகப் பிரித்து வைப்பது மகனின் வழக்கமாயிற்று. அப்பா முன்னாலேயே பிரிப்பான். கடைசி வரை அவரும் நிறுத்தவில்லை, இவனும் நிறுத்தவில்லை.

இரண்டாம் ஆண்டு பொங்கல் லீவில் ஐந்து பேரும் மலைக்குப் போனோம். கச்சிராயபாளையம் வரை ஒரு பஸ், பிறகு கோமுகி அணையைத் தாண்டி மலைச்சாலை. வெள்ளிமலையிலிருந்து நடை. மலையாளிகள் என்றதும் கேரளத்துக்காரர்கள் என்று நினைக்கிறவர்கள் இன்றும் உண்டு. இவர்கள் தமிழ் பேசுகிற மலைமக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருபவர்கள்.

அவன் வீடு கூரைவீடு. நடுவில் அடுப்பு, மேலே பரண், பரணில் மக்காச்சோளக் கதிரும் விதைச் சாமையும். வீடு முழுக்கப் புகை. நின்றால் கண் எரியும், உட்கார்ந்தால் தேவலை. அந்த வீட்டில் எல்லோரும் குனிந்தே நடப்பதற்குக் காரணம் வாசல் மட்டும் அல்ல. அவன் அம்மா அந்தப் புகைக்கு அடியில் உட்கார்ந்து களி கிண்டிக்கொண்டே இருமினார். இருமிக்கொண்டே எங்களை விசாரித்தார்.

கள்ளக்குறிச்சிப் பெருமையில், "அம்மா, நீங்க எழுந்திருங்க, இன்னிக்கு எங்க மொற" என்று நாங்கள் கிளம்பினோம். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று கேட்டார்: "நீங்க அடுப்புக்கிட்ட ஒக்காந்துட்டா நான் எங்க சாமி ஒக்கார்றது?"

எங்களிடம் பதில் இல்லை. அந்த அடுப்பு அவருக்கு வேலை, அதே சமயம் அவருடைய இடமும் அதுதான். யாருக்கு எவ்வளவு சோறு, விதைக்கு எவ்வளவு, பக்கத்து வீட்டுக்கு எத்தனைபடி கைமாற்று என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்துதான் தீர்மானமாகும். வேலையைப் பங்கு கேட்கிறவன் அவருடைய இடத்தைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. நாங்கள் தண்ணீரும் விறகும் எங்களுடையது என்று பேசி முடித்தோம். ஊற்று வீட்டிலிருந்து நல்ல இறக்கம். குடத்தோடு ஏறும்போதுதான் மலை எவ்வளவு உயரம் என்பது புரிந்தது. வழியில் விறகுக்கட்டோடு எதிரே வந்த பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அந்த அம்மா பீடியைத் தொட்டதில்லை. ஆனால் பல வருஷம் கழித்து சேலத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், "எத்தனை வருஷமாப் பீடி குடிக்கிறாங்க?" என்றுதான் மகனிடம் கேட்டார்.

குறுந்தொகையில் 167-ஆவது பாட்டை நம் தமிழ்த்துறை ஐயா நடத்தியது பலருக்கும் நினைவிருக்கும். புதிதாக மணமான பெண், தாளிக்கிற புகை மை தீட்டிய கண்ணில் நிறைய, தானே துழாவிச் சமைக்கிறாள். கணவன் சாப்பிட்டுவிட்டு நன்றாயிருக்கிறது என்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. கூடலூர் கிழார் பாடியது. எவ்வளவு அழகான பாட்டு என்று அன்றைக்கு வகுப்பே உருகியது. எனக்கு இன்றும் பிடித்த பாட்டுத்தான். ஆனால் மலைக்குப் போய்வந்த பிறகு அந்தக் கண்ணில் பட்ட புகை எங்கே போயிற்று என்ற கேள்வி உள்ளே உட்கார்ந்துகொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2020-ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுக்குள்ளிருக்கும் புகையால் உலகில் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். அதில் 2,37,000 பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், அம்மாவின் மடியில் அடுப்படியில் இருந்தவர்கள்.

படிப்பு முடித்த கையோடு மலைக்காரன் செய்த முதல் காரியம், வீட்டு அடுப்பை உடைத்துப் புகைபோக்கி வைத்துக் கட்டியது. குயவரிடம் சொல்லிச் சுட்ட மண்குழாய் வாங்கி, நாங்கள் தலைக்கு ஒன்றாகச் சுமந்துகொண்டு போனோம். அந்தக் காலத்தில் புகையில்லா அடுப்பு என்பது ஊரெங்கும் பேச்சு. ஹைதராபாதில் எஸ்.பி. ராஜு 1950-களிலேயே புகையில்லா அடுப்பு செய்து புத்தகமும் எழுதினார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974-ல் தொடங்கிய அஸ்த்ரா பிரிவு ஒரே தீயில் மூன்று பாத்திரம் வேகும் 'அஸ்த்ரா ஒலெ'யைச் செய்தது. மத்திய அரசு எண்பதுகளில் தேசியத் திட்டமே தொடங்கி, கோடிக்கணக்கில் அடுப்புகள் போட்டு, 2002-ல் அதை முடித்துக்கொண்டது.

போட்ட அடுப்பெல்லாம் என்னவாயிற்று? ஒடிசா கிராமங்களில் ரீமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் இதைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். டுஃப்லோ 2019-ல் நோபல் பரிசு பெற்றவர். புகைபோக்கி அடுப்பு கொடுத்த முதல் வருஷம் பெண்கள் உள்ளிழுக்கும் புகை குறைந்தது. பிறகு அந்தப் பலன் கரைந்துபோயிற்று. அடுப்புகள் பழுதாயின, சரியாகப் பராமரிக்கவில்லை, மெல்ல மெல்லப் பயன்படுத்துவதே குறைந்தது. அடுப்பின் வடிவத்தை நிபுணர்கள் யோசித்தார்கள். குழாயில் படியும் கரியை ஒரு கழியில் தேங்காய்நார் கட்டி அடிக்கடி இழுத்து எடுக்க வேண்டுமே, அதை எந்த நாளில் எந்த ஆள் செய்வது என்று வீட்டுக்குள் யாரும் முறை வைக்கவில்லை. ஏற்கெனவே விடிகாலை முதல் ராத்திரி வரை வேலை செய்கிறவளின் தலையில் அதுவும் போய் விழுந்தது. அவள் எத்தனையைத்தான் பார்ப்பாள்?

மலைக்காரன் வீட்டிலும் தொல்லை வராமல் இல்லை. புகை வெளியே போனதும் பரணில் இருந்த விதையில் வண்டு விழுந்தது. கூரையில் பூச்சி ஏறியது. புகைக்கும் ஒரு வேலை இருந்திருக்கிறது, பாருங்கள். "பழையபடி இடிச்சுடு" என்று உறவினர்கள் சொன்னார்கள். அவன் இடிக்கவில்லை. விதையைச் சாம்பல் கலந்து மண்பானையில் போட்டு வாயைச் சாணியால் மூடினான். குழாய்க்கு அமாவாசை முறை வைத்தான். அமாவாசைக்கு அமாவாசை அவன் ஏறுவான், அவன் இல்லாவிட்டால் தம்பி ஏறுவான். அம்மாவின் இருமல் முழுக்கப் போகவில்லை, கெட்டுப்போன நெஞ்சு திரும்பாது. ஆனால் அதன் பிறகு அந்த வீட்டுக்கு வந்த மருமகள்கள் இருமவில்லை. அது எனக்குத் தெரிந்து ஒரு வீட்டில் நடந்தது.

இப்போது காஸ் வந்துவிட்டது. 2007 முதல் தமிழ்நாட்டில் இலவச காஸ் அடுப்பு கொடுத்தார்கள், 2016-ல் உஜ்வாலா வந்தது. மலையில் சிலிண்டர் இருக்கிற வீட்டிலும் விறகடுப்பு மூலையில் உயிரோடுதான் இருக்கிறது. வெந்நீருக்கு, மாட்டுக்குக் கஞ்சி வைக்க, சிலிண்டர் தீர்ந்து அடுத்தது வரும்வரை சோறாக்க. கீழே நம் வீடுகளில் சாம்பல் இல்லை, கரி இல்லை. அப்படியானால் நான் பேசுவதெல்லாம் பழங்கதைதானா?

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது. வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 299 நிமிஷம், ஐந்து மணி நேரம். வீட்டு வேலை செய்யும் ஆண் 97 நிமிஷம். இதில் 'செய்யும் ஆண்' என்பதைக் கவனியுங்கள். நூறு ஆண்களில் அன்றைக்கு ஏதாவது ஒரு வீட்டு வேலையைத் தொட்டவர்களே 26 பேர்தான். 2024-ல் மறுபடி எடுத்தபோது பெண் 289, ஆண் 88. பத்து நிமிஷம் அவளுக்குக் குறைந்தது. நமக்கும் ஒன்பது குறைந்துவிட்டது!

நேற்று ராத்திரி இந்தப் பேச்சைப் பற்றி நம் வகுப்புத் தோழி ஒருவரிடம் சொன்னேன். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். முழுவதும் கேட்டுவிட்டு, "நீங்க அஞ்சு பேரு மூணு வருஷம் சமைச்சதை நாப்பது வருஷமாப் பேசிக்கிட்டிருக்கீங்க. நாங்க நாப்பது வருஷமா சமைக்கிறதை யாராவது மூணு நிமிஷம் பேசியிருக்கீங்களா?" என்றார். (சிரிப்பு) சிரிக்கலாம். அவர் சிரிக்காமல்தான் கேட்டார்.

நம்மவர்களிடம் ஒரு சொல் உண்டு, "வீட்டுல ஒத்தாசை பண்றேன்" என்று. நளபாகம் என்போம், பீமபாகம் என்போம், கலியாணத்தில் கோட்டை அடுப்பு முன்னால் நிற்பது ஆண்கள்தான் என்போம். அதெல்லாம் சமையல். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி போடுகிற நண்பர்கள் இங்கே நிறைய பேர் உண்டு, நானும் சாப்பிட்டிருக்கிறேன், குறை சொல்ல முடியாது. பிரியாணி முடிந்த பிறகு அந்தச் சமையலறையைப் பார்த்திருக்கிறீர்களா? காஸ் அடுப்புக்கும் சாம்பல் உண்டு. பர்னர் ஓட்டையில் பால் பொங்கி அடைத்தால் நீலத் தீ மஞ்சளாகும், பாத்திரத்தில் கரி பிடிக்கும். கழற்றி, ஊறவைத்து, ஊசியால் குத்தி எடுக்க வேண்டும். ரப்பர் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டுக் குழாயில் எந்த வருஷம் அச்சடித்திருக்கிறது என்று தெரியுமா? 14.2 கிலோ காஸ் உள்ள சிலிண்டரை இரும்பின் எடையும் சேர்த்து உருட்டி வைப்பது யார்? சிங்க்கின் அடியில் அடைத்துக்கொள்வதை எடுப்பது யார்? ஒத்தாசை என்றால் வேலை இன்னொருவருடையது, நாம் போகிறபோக்கில் கைகொடுக்கிறோம் என்று ஆகிறது. நம்முடைய முறை என்றால், நாம் செய்யாவிட்டால் அது அப்படியே கிடக்கும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் கரிக்கட்டியால் கட்டம் போட்டபோது இந்த வித்தியாசம் இருபது வயதுப் பையன்களுக்குப் புரிந்திருந்தது.

நம் ஐவரின் வீடுகளில் கலியாணத்துக்குப் பிறகு கட்டம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். தியாகதுருகத்துக்காரன் வீட்டில் இன்றும் பிரிஜ்ஜின் மேல் காந்தத்தில் ஒட்டியிருக்கிறது, பேரன் பெயர் உட்பட. இன்னொருவன் வீட்டில் அவன் அம்மா உயிரோடு இருந்தவரை நடக்கவில்லை, "ஆம்பளப் புள்ள தொடப்பத்தத் தொடறதா" என்று அழுதிருக்கிறார். பிறகு நடந்தது. மற்ற வீடுகளைப் பற்றி அந்தந்த வீட்டம்மாக்கள் இங்கேயே இருக்கிறார்கள், டீ இடைவேளையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் மணியைப் பார்க்கிறார். ஒரு அறிவிப்போடு முடித்துக்கொள்கிறேன். இன்று இரவுச் சாப்பாட்டுக்குச் சமையல்காரர் சொல்லவில்லை. மண்டபத்தின் பின்பக்கம் காலையிலேயே ஆறடி நீளத்துக்குக் கோட்டை அடுப்பு வெட்டியாயிற்று. வெட்டியவர் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறார், வெளியே வேப்பமரத்தடியில் விறகு பிளந்துகொண்டிருக்கிறார், உள்ளே கூப்பிட்டால் வர மறுக்கிறார். சாமை அரிசி அவர் கொண்டு வந்தது. வாசல் தூணில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. சமையல் கட்டத்தில் மதியத்துக்குள்ளேயே பதினேழு பேர் எழுதிவிட்டீர்கள், போதும், இனி இடமில்லை. பாத்திரத்துக்கு ஆறு பேர் வேண்டும், இருவர்தான் இருக்கிறார்கள். நாளை காலை சாம்பல் அள்ள என் பெயர் மட்டும் தனியாக நிற்கிறது, இன்னொருவர் தேவை. அள்ளுகிற இருவரும் சொல்வதுதான் நாளைக் காலை டிபன் என்பதை நினைவூட்டிக்கொள்கிறேன். தோழியர் யாரும் அந்தத் தாளில் எழுத வேண்டாம் என்று செயலாளர் கேட்டுக்கொள்கிறார்.